முறத்தில் ஏறிய சேவல்

லாயாங் பிறந்த வருஷம்தான் அரசாங்கம் அறுவடைத் திருநாளுக்கு ஜூன் முதல் தேதி என்று ஒரே நாளைக் குறித்தது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அவனுடைய அப்பா அதை நம்பத் தயாராக இல்லை.

அதற்கு முன்பெல்லாம் லுப்பார் ஆற்றின் கிளைகளில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள் வாழும் ஒவ்வொரு நீளவீடும் தன் நெல் எப்போது பரணேறியதோ அப்போதுதான் கவாய் என்னும் அந்தத் திருநாளைக் கொண்டாடும். ஏப்ரலில் ஒரு வீடு, மே நடுவில் இரண்டு வீடு, சோம்பேறிகள் வாழும் வீடு என்றால் ஜூலை. கையில் துடுப்பும் வயிற்றில் இடமும் உள்ள ஒரு மனிதன் மூன்று மாதத்தில் ஒன்பது வீட்டு விருந்தை முடித்துவிடலாம். லாயாங்கின் அப்பா அப்படிப்பட்ட மனிதர். நன்றி சொல்லும் திருநாள் என்பதால் ஒன்பது வீட்டிலும் மனமுருகி நன்றி சொல்லிவிட்டு வருவார்.

"ஒரே நாள்ல எல்லா வீட்லயும் விருந்துன்னா, மனுஷனுக்கு எத்தனை வயிறு இருக்குன்னு கவர்மென்ட்டு நெனச்சுது?" என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கும்போதெல்லாம் மகனைத்தான் முறைப்பார்.

இப்படி, தான் பிறந்ததே தப்போ என்ற முகத்தோடு வளர்ந்தவன் லாயாங். அந்த முகம் அவனுக்குக் கடைசிவரை நிலைத்துவிட்டது. யார் என்ன கேட்டாலும் 'முடியாது' என்ற சொல் அவன் தொண்டை வரைக்கும் வரும். வந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, இறங்கிப் போய்விடும். இருபது வயதில் மற்ற இளவட்டங்களைப்போல வெளியூர் போய்ச் சம்பாதித்து வரக் கிளம்பினான். மற்றவர்கள் பச்சைகுத்தலோடும் வெண்கல மணியோடும் பெரிய பெரிய கதைகளோடும் திரும்பினார்கள். லாயாங் புரூணையிலிருந்து ஒரு தையல் மிஷினோடு திரும்பினான். கடைக்காரர் "வேணுமா?" என்று கேட்டாராம்.

மேல் ஆற்றுப் பெண்ணான மெந்தி அந்த மிஷினைப் பார்க்கத்தான் வந்தாள்.

"இதை ஓட்டத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அப்ப எனக்குக் குடுத்திடேன்."

"சரி."

மெந்தி மிஷினைத் தூக்கிப் பார்த்தாள். நகரவில்லை. "கனமா இருக்கே. எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது போலிருக்கு. நானே இங்க வந்துடட்டுமா?"

"சரி" என்றான் லாயாங். கல்யாணம் முடிந்தது.

குடும்பத்துக்கு ஒன்றாக இருபத்திரண்டு கதவுகள் கொண்ட அந்த நீளவீட்டில் பதினோராவது கதவு அவர்களுடையது. நட்டநடுக் கதவு. அந்தப் பக்கம் போகிறவர்கள், இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லாரும் தாண்டிப் போகும் கதவு. போகிற போக்கில் எதையாவது கேட்டுவிட்டுப் போகும் கதவு. லாயாங் வாழ்நாளெல்லாம் ஆற்றில் படகு ஓட்டினான். டீச்சர்களை, பன்றிகளை, ஒரு ஃபிரிட்ஜை, தேர்தல் பெட்டியை, இரண்டு முறை சவப்பெட்டியை ஏற்றிப் போயிருக்கிறான். இதில் எதையும் ஏற்ற மாட்டேன் என்று அவன் சொன்னதில்லை. படகே ஒரு முறை சொல்லியிருக்கிறது, மூழ்கிப் போய்.

அந்தப் படகின் முன்மூக்கில்தான், உயிர்காப்புச் சட்டைகளுக்கு அடியில், நாலு வருஷத்துக்கு முன் ஒரு கோழி முட்டையிட்டது. இட்டு, அங்கேயே அடையும் உட்கார்ந்துவிட்டது. இறக்கிவிட லாயாங்குக்கு மனம் வரவில்லை. மூன்று வாரம் கோழியோடு ஆற்றில் மேலும் கீழும் போய் வந்தான். ஒரே ஒரு முட்டை பொரிந்தது. வெள்ளைச் சேவல் குஞ்சு. ஓட்டுக்குள் இருக்கும்போதே அது கேட்ட சத்தமெல்லாம் மோட்டார் சத்தம் என்பதால் பெரிதானதும் அது மற்ற சேவல்களைப்போலக் கூவவில்லை. கயிற்றை இழுத்து என்ஜினை உசுப்புகிற மாதிரி, "கொர்... கொர்..." என்று இரண்டு தடவை தடுமாறி, மூன்றாவதில் "கொர்ர்ர்ர்ஓஓஓ" என்று பிடித்துக்கொள்ளும். நீளவீட்டுக்குப் புதிதாக வந்த டீச்சர் ஒருத்தர் முதல்நாள் விடிகாலை படகு கிளம்பிவிட்டது என்று பயந்து, பல்துலக்கும் பிரஷ்ஷோடு துறைக்கு ஓடியிருக்கிறார்.

லாயாங் அதற்கு என்ஜின் என்று பெயர் வைத்தான். அது படகின் முன்மூக்கிலேயே வளர்ந்தது. வழக்கமாக அங்கே ஆள் உட்கார்ந்து தண்ணீருக்குள் கட்டை கிட்டை தெரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டிருந்தவள் மெந்தி. அவள் சொல்வதைவிடச் சேவல் குறைவாகவும் சரியாகவும் சொன்னது. ஒரு மழைக்குப் பிறகு, ஆறு தேநீர் நிறத்தில் வந்துகொண்டிருந்தபோது, என்ஜின் திடீரென்று இறக்கையை விரித்துக் கத்தியது. லாயாங் யோசிக்காமல் திருப்பினான். ஆள் பருமனுக்கு ஒரு மரக்கட்டை, தண்ணீருக்கு அடியில், ஒரு முழம் தள்ளிப் போனது. படகில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தி பக்கத்துக் கதவுக்காரி இந்தாய் சூசி.

இந்தாய் சூசி என்றால் சூசியின் அம்மா. சூசி கோலாலம்பூரில் நர்சாக இருக்கிறாள் என்பது, அவளோடு பேசும் எவருக்கும் மூன்றாவது வாக்கியத்துக்குள் தெரிந்துவிடும்.

"அது பசிக்குக் கத்துச்சு. எங்க சூசிகூட பசிச்சா இப்படித்தான் கத்துவா" என்றாள் இந்தாய் சூசி. ஆனால் கரை சேரும்வரை அவள் கை படகின் விளிம்பை விடவில்லை.

அந்த வருஷம் நெல் அப்படி விளைந்தது. பரணில் இருந்த மரப்பட்டைக் குதிர்கள் நிறைந்து, மிச்சத்தைத் தலையணை உறைகளில் கட்டி வைக்க வேண்டியதாகிவிட்டது. ஏப்ரல் கடைசியில் நீளவீட்டின் தலைவர் நுயிங் கூட்டம் போட்டார். எல்லாரும் அவரைத் 'துவாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இவ்வளவு நெல்லு குடுத்திருக்கு. நன்றியும் அந்த அளவுக்கு இருக்கணும். படையலுக்கு மேல சுத்துற சேவலை இந்த வருஷம் யாரு தர்றீங்க?"

படையலுக்கு மேல் சேவலைச் சுற்றுவதுதான் திருநாளின் உயிர். சோறு, நெற்பொரி, முட்டை, அரிசிக் கள் என்று தட்டுத் தட்டாகப் பரப்பி வைத்து, சேவலை அதன்மேல் மெல்லச் சுற்றி நன்றி சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைச் சேவல்தான் தெய்வங்களிடம் சுமந்துகொண்டு போகும். போக வேண்டும் என்றால் அதை அறுக்க வேண்டும். எந்த வீட்டுச் சேவலோ அந்த வீட்டு மனிதன் சுற்றுவான். அடுத்த கவாய் வரைக்கும் அந்த வீட்டுப் பெண் தலையை ஒரு அங்குலம் தூக்கி நடப்பாள்.

இந்தாய் சூசி கையைத் தூக்க ஆரம்பித்தாள். மெந்தி அதற்கு முன் முழுசாக எழுந்தே நின்றுவிட்டாள். "எங்க சேவல்! வெள்ளைச் சேவல்! ஆத்துல இந்த மாதிரி ஒண்ணு கிடையாது!"

அன்றைக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது லாயாங் மெதுவாகக் கேட்டான். "சேவல்னா... நம்ம சேவலா?"

"பின்ன, பஞ்சாயத்துச் சேவலா?"

"இல்ல, என்ஜினையா?"

"வேற எத்தனை வெச்சிருக்க நீ? ஏன், குடுக்க மாட்டியா?"

முடியாது என்ற சொல் தொண்டை வரை வந்தது. "சரி" என்றான் லாயாங். தட்டைத் தள்ளி வைத்தான்.

மே மாதம் முழுக்க அவன் ஆற்றில் யோசித்தான். ஒரே ஒரு காரியம்தான் செய்தான். சிமாங்காங் சந்தையில், என்ஜினுக்குப் பதிலாக நிறுத்தலாம் என்று, ஒரு வெள்ளைச் சேவலை ரகசியமாக வாங்கி வந்து வீட்டுக்கடியில் கூடையில் மறைத்து வைத்தான். நாலாம் நாள் அது முட்டையிட்டது.

மெந்தி அந்த முட்டையைக் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "இதைச் சுத்தி நீ என்ன நன்றி சொல்லப் போற? ஆம்லெட்டுக்கா?"

திருநாளுக்கு முந்தின நாள், படையல் போடும் மே முப்பத்தொன்றாம் தேதி, வந்துவிட்டது. கதவுகளுக்கு முன்னால் நீண்டு கிடக்கும் பொதுக் கூடம் முழுக்கப் பாய் விரித்தாகிவிட்டது. மூங்கில் குழாய்களில் கோழி வெந்துகொண்டிருந்தது. மெந்தி என்ஜினைக் குளிப்பாட்டி, துடைத்து, கால் நகத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவி, லாயாங்கின் கையில் கொடுத்தாள். "கீழ விடாத. அழுக்காயிடும். முறம் வந்தா அந்த ஓட்டை மீன்பொறியைப் போட்டுடு. நான் ஜாக்கெட்டு மாத்திட்டு வர்றேன்."

படையலுக்கு முன்னால் பேராசைப் பேயை விரட்ட வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு பெரிய முறத்தைக் கயிறு கட்டிக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு கதவிலும் வீட்டுக்காரர்கள் வேண்டாத ஒரு பொருளை அதில் போடுவார்கள். கோடியில் போய் எல்லாவற்றையும் கீழே கவிழ்த்துவிட்டால், பேய் அந்தக் குப்பையை எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போய்விடும். முறத்தில் விழுந்ததை மனிதக் கை திரும்ப எடுக்கக் கூடாது. எடுத்தால் பேயைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்து வந்ததாக அர்த்தம்.

முன்னால் போன முறத்தை இழுத்து வந்தவன் மெந்தியின் தம்பி அம்பாவ். அவனுக்கு அதற்குள் அரிசிக் கள்ளின் உற்சாகம் கொஞ்சம் ஏறியிருந்தது.

"போடுங்க, போடுங்க! வேண்டாததைப் போடுங்க! பொண்டாட்டியைப் போடாதீங்க, முறம் தாங்காது!" என்று கத்திக்கொண்டு வந்தான். பதினோராவது கதவில் நின்றான். "மச்சான்! சும்மா நிக்கிறீங்களே. என்ன வேண்டாம் உங்களுக்கு?"

லாயாங்கின் காலடியில் ஓட்டை மீன்பொறி இருந்தது. அவன் குனியத்தான் நினைத்தான். கக்கத்தில் என்ஜினின் நெஞ்சு சூடாக அடித்துக்கொண்டிருந்தது. முறத்தில் விழுந்தது திரும்பி வராது. திரும்பி வராதது படையலுக்கும் போகாது. நாற்பத்தேழு வருஷத்தில் அவனுக்குத் தானாகத் தோன்றிய இரண்டாவது யோசனை அது; முதலாவது முட்டையிட்டுவிட்டது. அதனால் அது நல்லதா கெட்டதா என்று பார்க்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

"இது" என்றான். சேவலை முறத்தில் வைத்தான். "இது வேண்டாம்."

அம்பாவ் முறத்தைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான், அக்கா இருக்கும் கதவைப் பார்த்தான். "மச்சான், அது..."

"இழு" என்றான் லாயாங்.

வேறு வழியில்லை. முறம் நகர்ந்தது. அந்த வீட்டில் அப்படியொரு ஊர்வலம் அதற்கு முன் நடந்ததில்லை. கிழிந்த பாய், அடி போன சட்டி, ஒற்றைச் செருப்பு, தலையில்லாத மின்விசிறி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழ, நடுவில் என்ஜின் எண்ணெய் பூசிய காலை மடக்கி, தொகுதிக்கு வந்த மந்திரி மாதிரி இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி போனது. அதற்குப் படகும் முறமும் ஒன்றுதான். கோடியில் முறத்தைக் கவிழ்த்தார்கள். சட்டி விழுந்த சத்தம் கேட்டது. இறக்கை அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மெந்தி வெள்ளிக் காசுகள் கோத்த இடுப்புச் சங்கிலி குலுங்க வெளியே வந்தாள்.

"சேவல் எங்க?"

இந்தாய் சூசிதான் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "உங்க வீட்டுக்காரரு அதைக் குப்பையில போட்டுட்டாரு, மெந்தி. வேண்டாமாம்."

மெந்தி கணவனைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மீன்பொறியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "மீன்பொறி வேணுமாக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த நேரத்தில்தான், வெளித்தளத்துக்கு ஏறும் படிவெட்டிய மரத்தண்டில் டக், டக் என்று நகச் சத்தம் கேட்டது. என்ஜின் ஒவ்வொரு படியாகத் தாவி ஏறி வந்தது. மேலே வந்து நின்று உடம்பைச் சிலுப்பியது. "கொர்... கொர்... கொர்ர்ர்ர்ஓஓஓ!"

கூடம் இரண்டாகப் பிளந்துவிட்டது. பாதிப் பேர் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள்.

"பேய் ஏறி வந்திடுச்சு!"

"பேய் இல்லய்யா, சேவல்!"

"பேய்க்குக் குடுத்தாச்சு, அப்ப அது பேயோட சேவல்!"

"யாரும் எடுத்துட்டு வரலையே! அதுவா நடந்து வந்துச்சு. நடந்து வந்தா தப்பில்ல."

"பேய் அதுமேல உக்காந்து வந்திருந்தா?"

"அவ்வளவு சின்னப் பேயா?"

துவாய் நுயிங் கையைத் தூக்கினார். "முதல்ல படையலைப் பாருங்க. வெளிச்சம் போகுது. இந்தச் சேவலைச் சுத்த முடியாது. வேண்டாம்னு வீசினதைத் தெய்வத்துக்குக் குடுத்தா அடுத்த வருஷம் அதுவும் நமக்கு வீசினதைத்தான் குடுக்கும். வேற சேவல் யாருகிட்ட இருக்கு?"

இருபத்திரண்டு கதவுகளில் குறைந்தது முப்பது சேவல்கள் இருந்தன. எல்லாம் சண்டைச் சேவல்கள், பிள்ளையைவிடச் செல்லமாக வளர்க்கப்பட்டவை.

"என்னுதுக்குச் சளி, துவாய்."

"என்னுது வெட்கப்படும். அங்க போய்ப் பேசாது."

"நாங்க மெதடிஸ்ட்" என்றார் பதினேழாவது கதவுக்காரர். "சேவலும்தான்."

அம்பாவ் ஓடிப்போய் ஐஸ்பெட்டியிலிருந்து மறுநாள் குழம்புக்கு வாங்கி வைத்திருந்த உறைந்த கோழியை எடுத்து வந்தான். "இது ஆகுமா பாருங்க துவாய்!" துவாய் அதை வாங்கித் தூணில் தட்டிப் பார்த்தார். டொக் என்றது. தலை இருக்க வேண்டிய இடத்தைத் தேடினார்.

"இது எந்த வாயால போய்ச் சொல்லும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, லாயாங்கின் பக்கம் திரும்பினார். "இங்க வா. உக்காரு. முறத்துல எதைப் போடணும்?"

"வேண்டாததை."

"தெய்வத்துக்கு எதைக் குடுக்கணும்?"

"வேணும்கிறதை."

"இந்தச் சேவல் உனக்கு வேணுமா, வேண்டாமா?"

லாயாங் பாயின் ஓரத்தைப் பிய்த்தான். எழுபது எண்பது பேர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெந்தி பார்க்கவில்லை; அவள் சேவலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்" என்றான். "ரொம்ப வேணும்."

"அப்ப பேராசைப் பேய்கிட்டயே பொய் சொல்லியிருக்க. அறுபத்தெட்டு வயசாச்சு எனக்கு. பேயை ஏமாத்துன ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். நம்ம மண்ணுத் தெய்வம் செம்புலாங் கானா கதை தெரியுமில்ல?"

கூட்டம் பெருமூச்சு விட்டது. சிலர் தலையணையை இழுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கவாய்க்கும் துவாய் அந்தக் கதையைச் சொல்வார், சூரியன் இறங்கும் வரை சொல்வார்.

"சுருக்கமா" என்றது ஒரு குரல்.

"சுருக்கமாத்தான். அவன் ஊர்ல இல்லாத நேரமாப் பார்த்து அண்ணன்காரனுங்க அப்பன் சொத்தைப் பிரிச்சுக்கிட்டானுங்க. அவனுக்குன்னு வெறும் மண்ணைத் தவிர ஒண்ணுமே மிச்சம் வைக்கல. அப்புறம் நெல்லு போட காட்டை வெட்டுனானுங்க. மறுநாள் வந்து பார்த்தா வெட்டுன மரமெல்லாம் எழுந்து நிக்குது. திரும்ப வெட்டுனானுங்க. திரும்ப நிக்குது. ஒளிஞ்சிருந்து பார்த்தா, நம்ம ஆளு ஒவ்வொரு மரமா எழுப்பி விட்டுட்டு வர்றான். 'மண்ணு என்னுது. கேக்காம எடுத்தா இப்படித்தான்'னான். அன்னையிலேருந்துதான் நாம விதைக்கும்போது கேக்கிறோம், அறுத்தப்புறம் நன்றி சொல்றோம். புரியுதா? மனசார விட்டுக் குடுக்காதது எதுவும் போகாது. எழுந்து நிக்கும். இதோ நிக்குதே!"

என்ஜின் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்ததுபோல ஒரு முறை கொர்ரென்றது.

துவாய் தீர்ப்பைச் சொன்னார். "இது பேய்க்கும் இல்ல, தெய்வத்துக்கும் இல்ல, லாயாங்குக்கும் இல்ல. யாரும் இதை அறுக்கக் கூடாது, விக்கக் கூடாது. யாரும் இதை என்னுதுன்னு சொல்லக் கூடாது, பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கையால தீனி வைக்கக் கூடாது. அது பாட்டுக்கு இருந்துக்கட்டும். சம்மதமா?"

உயிர் கிடைத்தது. சேவல் போய்விட்டது. லாயாங் என்ஜினைப் பார்த்தான். கூப்பிட வாய் எடுத்து, மூடிக்கொண்டான். "சம்மதம்" என்றான்.

"இன்னொண்ணு. உன் சொல்லைச் சுமக்க வேண்டிய சேவலை நீயே கெடுத்துட்ட. அதனால இந்த வீட்டு நன்றியை நீயே வாயால சொல்லணும். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி. ஆனா சுத்துறதுக்கு ஒரு சேவல் இன்னும் வேணும்..."

மெதடிஸ்ட் உத்திரத்தைப் பார்த்தார்.

"எல்லாம் என்னைப் பார்க்காதீங்க" என்றாள் இந்தாய் சூசி. யாரும் அவளைப் பார்க்கவில்லை. "சரி, எடுத்துக்குங்க என்னுதை. சிவப்பன். கோலாலம்பூர்ல இருந்து சூசி அனுப்புன தீனி தின்னு வளர்ந்தது. மெந்தி, நல்லாக் கேட்டுக்க, இந்த வருஷம் தெய்வத்துகிட்டப் பேசுனது எங்க வீட்டுச் சேவல்." எழுந்தாள். கொஞ்சம் நின்றாள். வெளித்தளத்தில் நின்ற வெள்ளைச் சேவலைப் பார்த்து, யாரிடமோ கோபமாகச் சொல்வதுபோல, "அன்னைக்குப் படகுல நானும்தானே இருந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கூண்டைத் திறக்கப் போனாள்.

சிவப்பனை இந்தாய் சூசியின் கணவர் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். லாயாங் படையலுக்கு முன்னால் நின்றான். அவன் ஒரே மூச்சில் நாலு சொல்லுக்கு மேல் பேசி யாரும் கேட்டதில்லை.

"நெல்லுக்கு நன்றி" என்றான். இடைவெளி. "மழைக்கு. நின்ன மழைக்கும்." யாரோ சிரித்தார்கள். "மோட்டாருக்கு. மூணாவது இழுப்புல பிடிச்சுக்குது, அதுக்கு. வழுக்கைப் பாறைக்கிட்ட எலி மாதிரி ஒளிஞ்சுக்கிட்டு ஒரு சுழல் இருக்கு, அது என்னை இதுவரைக்கும் இழுக்கல, அதுக்கு. புரூணைக் கடைக்காரருக்கு. டீச்சரோட பிரஷ்ஷுக்கு, ரொம்பச் சிரிச்சேன் அன்னைக்கு. எங்கப்பாவுக்கு. ஒன்பது வீட்டு விருந்து போச்சு அவருக்கு, நான் பொறந்து..."

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. நாற்பத்தேழு வருஷமாகத் தொண்டை வரை வந்து திரும்பிப் போனதெல்லாம் வரிசை கட்டி வந்தது. ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு துறைக்கும் நன்றி சொன்னான். மூழ்கிய பழைய படகுக்கு மன்னிப்பும் சேர்த்துச் சொன்னான். நெற்பொரி நமுத்துப்போனது. சிவப்பனைப் பிடித்திருந்தவர் கை மாற்றினார், திரும்பவும் மாற்றினார். சிவப்பன் தூங்கிவிட்டது.

"லாயாங், தெய்வம் வேற ஊருக்கும் போகணும்" என்றார் துவாய்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு, துவாய். மெந்திக்கு. பனியில துறை தெரியாது. அவ யாரையாவது திட்டுற சத்தம் கேக்கும். அதை வெச்சுக்கிட்டுத்தான் படகைக் கரைக்குத் திருப்புவேன். இருபத்தஞ்சு வருஷமா."

கூடம் வெடித்துச் சிரித்தது. மெந்தியின் இடுப்புச் சங்கிலி மட்டும் கொஞ்ச நேரம் குலுங்கியது. "போதும், உக்காரு" என்றாள். "சேவலுக்கு நடுமுதுகு வலிக்கப் போகுது."

சிவப்பனைச் சுற்றினார்கள். நன்றி போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு பத்து நாள் மெந்தி அவனோடு பேசவில்லை. இந்தாய் சூசி தலையை ஒரு அங்குலம் தூக்கி நடந்தாள். சில நாள் இரண்டு அங்குலம். வெள்ளைச் சேவலை யாரும் கூப்பிடவில்லை, யாரும் தீனி வைக்கவில்லை. ஆனால் அந்த ஜூன் மாதம் நீளவீட்டுக்காரர்களின் கைகளுக்கு என்னவோ ஆகிவிட்டது. துவாய் தட்டைத் தூக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி சோறு சிந்தியது. மெதடிஸ்ட் வீட்டில் சோளமே நழுவியது. சேவல் நாளுக்கு நாள் பருத்தது.

விடிந்ததும் அது தானாகத் துறைக்கு இறங்கிப் படகின் முன்மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். லாயாங் ஏற்றிவிடவில்லை. இறக்கிவிடவும் இல்லை. வருகிற பயணியை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம்தான் அவனுக்குக் கிடையாதே. ஆற்றில் அது கத்தினால் திருப்புவான். அது ஊரார் சத்தம், காதில் விழுந்தால் தப்பில்லை. பேர் மட்டும் சொல்ல மாட்டான். சில சமயம் வாய் வரைக்கும் வந்துவிடும். அப்போது மோட்டாரைத் தட்டிக் கொடுப்பான்.

பதினோராம் நாள் மெந்தி சிமாங்காங்குக்கு ஜாக்கெட் துணி வாங்கப் படகில் வந்தாள். முன்பக்கம் போய்ச் சேவலுக்கு ஒரு சாண் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வளைவு தாண்டியதும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். பிரித்த வேகத்தில் பாதிச் சோறு, ஒரு மீன் தலையோடு சேர்த்து, சரியாகச் சேவலின் காலடியில் கொட்டியது.

லாயாங் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "சேவலுக்கா?"

"எந்தச் சேவல்?" என்றாள் மெந்தி, திரும்பாமல். "கை நழுவிடுச்சு. நீ முன்னாடி பார்த்து ஓட்டு."